பெருந்தொற்றுக் காலத்தில் அக்கம்பக்கத்துக்கு உதவ: புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொரோனா பரவத் தொடங்கிய 2020 மார்ச் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை, வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு உதவ 2,50,000 தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டது. சில நாட்களிலேயே 7,50,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அதற்கு மேல் தாங்காது என்று பதிவையே நிறுத்திவைத்தார்கள். அப்புறம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. பெயர் கொடுத்தவர்களில் ஏராளமானோருக்கு வாரக்கணக்கில் ஒரு வேலையும் வரவில்லை. உதவி தேவைப்படுகிறவர்களின் விவரம் அந்தப் பெரிய அமைப்புக்குப் போய்ச் சேர நாளானது. அதற்குள் தெருவாரியாகச் சேர்ந்த சின்னச் சின்னக் குழுக்கள் பல இடங்களில் பொருள் வாங்கிக் கொடுக்கவும் மருந்து கொண்டுபோகவும் தொடங்கிவிட்டன.

உதவ நினைக்கும் ஆட்களுக்குப் பெரும்பாலும் பஞ்சம் வருவதில்லை. எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், அவர் என்ன மருந்து சாப்பிடுகிறார், அது எப்போது தீரும் என்று தெரிந்த ஆளுக்குத்தான் பஞ்சம். அப்படிப்பட்ட ஆளாக நீங்கள் ஆவதற்கான வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இதற்குப் பணமோ, வாகனமோ, மருத்துவப் படிப்போ கட்டாயம் இல்லை. ஒரு நோட்டும், ஒரு தொலைபேசியும், சொன்ன நேரத்தில் வந்து நிற்கும் பழக்கமும் இருந்தால் ஆரம்பிக்கலாம்.

நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாப் பெருந்தொற்றும் ஒரே மாதிரி பரவாது. 1961-இல் இந்தோனேசியாவில் தொடங்கி இன்றும் ஓயாத ஏழாவது காலரா பெருந்தொற்று, தண்ணீரிலும் உணவிலும் பரவுகிறது. அங்கே முகக்கவசம் எதற்கும் ஆகாது. காய்ச்சிய தண்ணீரும் சோப்பும்தான் காப்பாற்றும். இன்ஃப்ளூயன்சாவும் கொரோனாவும் மூச்சுக்காற்றில் பரவுகின்றன. இவற்றுக்கு நல்ல முகக்கவசம், திறந்த ஜன்னல், இடைவெளி ஆகிய மூன்றும் முக்கியம். 2020-இன் முதல் மாதங்களில் பலர் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் துடைத்துத் துடைத்தே களைத்துப்போனார்கள். பொருளைத் தொட்டு நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு, மூடிய அறைக்குள் சேரும் காற்றில்தான் பெரிய ஆபத்து என்பது பிறகுதான் தெளிவானது. அந்த உழைப்பை ஜன்னல் திறப்பதில் காட்டியிருந்தால் இன்னும் பலன் கிடைத்திருக்கும்.

அதனால் நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் பரவுகிறது? தொற்றி எத்தனை நாளில் அறிகுறி தெரியும்? அறிகுறி தெரிவதற்கு முன்பே மற்றவருக்குப் பரவுமா? யாருக்கு உயிராபத்து அதிகம்? கொரோனா வந்த புதிதில் அறிகுறி தெரியச் சராசரியாக 5, 6 நாட்கள் ஆயின, சிலருக்கு 14 நாட்கள் வரைகூட ஆனது. அறிகுறி வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரப்பவும் முடிந்தது. ‘எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று தைரியமாக நான்கு வீடு ஏறி இறங்க முடியாது என்பது இந்த ஒரு தகவலிலேயே புரிந்துவிடும்.

பதில்களை உலகச் சுகாதார நிறுவனத்தின் பக்கத்திலிருந்தோ உங்கள் அரசின் சுகாதாரத் துறை அறிவிப்பிலிருந்தோ மட்டும் எடுங்கள். பக்கத்திலேயே தேதியையும் எழுதுங்கள். நோயைப் பற்றிய அறிவு வளர வளர விதிகளும் மாறும். அதற்காக யாரும் பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்துத் திருத்தினால் போதும்.

நீங்கள் எந்த வேலைக்குப் பொருத்தம்?

இந்தக் கேள்வியை உணர்ச்சிவசப்படாமல் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் வயதானவர், கர்ப்பிணி, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர் இருந்தால் வாசல் வாசலாகப் போகும் வேலை உங்களுக்கு வேண்டாம். தொலைபேசி வேலை, கணக்கு வேலை, தடுப்பூசிக்கு முன்பதிவு செய்து தரும் வேலை எல்லாம் வீட்டுக்குள்ளிருந்தே செய்யலாம். சொல்லப்போனால் ஆள் கிடைக்காதது இந்த வேலைகளுக்குத்தான்.

வெளியே போகிறவர் என்றால், தடுப்பூசி இருக்குமானால் போட்டுக்கொண்டு இறங்குங்கள். முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 வகை முகக்கவசம் நல்லது. முன்புறம் வால்வு வைத்தது வேண்டாம். அது நீங்கள் விடும் காற்றை வடிகட்டாமல் வெளியே அனுப்பிவிடும். கையைச் சோப்புப் போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவுவது சானிடைசரைவிட மேல். சோப்பு கிடைக்காத இடத்தில், குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் உள்ள சானிடைசர் போதும்.

லேசான தொண்டைக் கரகரப்பு என்றாலும் அன்று வெளியே போகாதீர்கள். நீங்கள் போகாவிட்டால் அந்த வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதல் நாளே ஒரு மாற்று ஆளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன். தனி ஆளாக இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம். இரண்டு பேர் என்பது குறைந்தபட்சம்.

பத்து, பதினைந்து வீடுகள் போதும்

ஊருக்கே உதவுவதாக அறிவிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். நடந்தே போய்வரக்கூடிய பத்துப் பதினைந்து வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்குமாடி என்றால் ஒரு படிக்கட்டு, அல்லது இரண்டு தளம். அதற்கு அப்பால் இருப்பவர்களுக்கு இன்னொரு இரண்டு பேர் முன்வரட்டும். வேண்டுமானால் நீங்களே அவர்களைத் தேடிப் பிடித்து, செய்யும் முறையைச் சொல்லிக் கொடுங்கள்.

சின்ன வட்டத்தைத் தெரிந்துவைத்திருப்பதற்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு 1854-ஆம் ஆண்டு லண்டன் காலராவை நினைத்துப் பார்க்கலாம். நோய் பரவியது பிராட் தெருவின் தண்ணீர்க் குழாயிலிருந்துதான் என்பதைக் கண்டுபிடித்தவர் என்று மருத்துவர் ஜான் ஸ்னோவின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். அதே பகுதியில் ஹென்றி வைட்ஹெட் என்று ஓர் இளம் பாதிரியார் இருந்தார். ஸ்னோ சொன்னதை முதலில் அவர் நம்பவில்லை. ஆனால் அந்தத் தெருக்களில் உள்ள குடும்பங்கள் அனைத்தும் அவருக்குப் பழக்கம். வீடு வீடாகப் போய், யார் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று பொறுமையாகக் கேட்டுக் குறித்தார். ஊரைவிட்டுப் போனவர்களைக்கூடத் தேடி விசாரித்தார். கடைசியில், நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர், அந்தக் குழாய்க்குத் தண்ணீர் தந்த கிணற்றை ஒட்டிய கழிவுக்குழியில் கொட்டப்பட்டதுதான் தொடக்கம் என்று கண்டுபிடித்தவர் அவரே. வெளியாளுக்கு வாய் திறக்காத மக்கள் தெரிந்தவரிடம் பேசினார்கள்.

நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எத்தனை பேர், வயது, தொலைபேசி எண், அவசரத்துக்கு யாரை அழைப்பது, தொடர்ந்து சாப்பிடும் மருந்து எது, அது எந்தத் தேதியில் தீரும், நடமாடுவதில் சிரமம் உண்டா, காது கேட்குமா, ஸ்மார்ட்போன் உண்டா. இதில் மருந்து தீரும் தேதி என்ற ஒற்றை வரி, மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக உங்களுக்குப் பயன்படும். ரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு, ஆஸ்துமா போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள், மருந்து தீர்ந்த பிறகும் ‘இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்’ என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். தேதி உங்களிடம் இருந்தால் ஒரு வாரம் முன்பே நீங்கள் கேட்டுவிடலாம்.

எப்படிக் கேட்பது என்பதிலும் கொஞ்சம் கவனம் தேவை. “ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க” என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் “ஒண்ணும் வேணாம்ப்பா” என்றுதான் சொல்வார்கள். கேட்பதை வேறு விதமாக வையுங்கள்: “அம்மா, நாளைக்குக் காலையில மருந்துக்கடைக்குப் போறேன். உங்க பிரஷர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கு? சீட்டை வாசல்ல வெச்சீங்கன்னா வாங்கிட்டு வந்திடுறேன்.” நாள், வேலை, வழி மூன்றும் இதில் இருக்கின்றன. அவர் யாரிடமும் கையேந்துவதாக நினைக்க வேண்டியதில்லை.

முன்பின் தெரியாத வீட்டுக்கு, ஒரு தாளில் உங்கள் பெயர், வீடு இருக்கும் இடம், தொலைபேசி எண், என்ன செய்ய முடியும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டு வாருங்கள். பதில் வராத வீட்டை விட்டுவிடாதீர்கள். நான்கு நாள் கழித்து ஒருமுறை மணி அடித்து, தள்ளி நின்று, குரல் கொடுத்துப் பாருங்கள். பதில் சொல்லாத வீடுகளில்தான் சில நேரம் தேவை மிக அதிகமாக இருக்கும்.

பொருளும் மருந்தும் கொண்டுபோய்க் கொடுத்தல்

1665-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள ஈயம் என்ற சிற்றூருக்கு பிளேக் வந்தது. அடுத்த ஆண்டு ஊர்மக்கள், நோய் வெளியே பரவக் கூடாது என்று தங்களைத் தாங்களே ஊருக்குள் பூட்டிக்கொண்டார்கள். சுற்றுவட்டாரத்தினர் உணவையும் மருந்தையும் எல்லைக்கல் அருகே வைத்துவிட்டுப் போவார்கள். கல்லில் குடைந்த குழிகளில் வினிகர் ஊற்றி அதில் காசைப் போட்டுவைப்பார்கள் ஊர்க்காரர்கள். கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் தொடாமல் கொடுத்து வாங்கும் முறையை அவர்கள் உருவாக்கினார்கள். இன்றைக்கும் அடிப்படை அதேதான்: பொருளை வாசலில் வையுங்கள், மணி அடியுங்கள், தள்ளிப்போய் நில்லுங்கள், அவர் எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு நகருங்கள். வைத்துவிட்டு உடனே போய்விடாதீர்கள். அந்த அரை நிமிடத்தில் அவர் முகத்தைப் பார்க்கிறீர்கள். மூச்சு வாங்குகிறதா, நடை தள்ளாடுகிறதா, நேற்றுப் போல இருக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

பட்டியலை வாய்மொழியாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். எழுதத் தெரியாதவர் தொலைபேசியில் சொன்னால், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். கேட்ட பொருள் இல்லையென்றால் மாற்றாக எது வாங்கலாம் என்றும் முன்பே கேட்டுவிடுங்கள். மருந்தில் மட்டும் மாற்று என்ற பேச்சே கூடாது. சீட்டில் உள்ள பெயரும் மில்லிகிராம் அளவும் அப்படியே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மருந்தாளுநரை அவர்களோடு நேரடியாகப் பேச வையுங்கள். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும், உறையவும் விடக் கூடாது. அதனால் ஐஸ் கட்டியை நேராக மேலே படும்படி வைக்காமல் இடையில் துணி சுற்றி எடுத்துப்போங்கள். வழியில் வேறு வேலை பார்க்காதீர்கள்.

ஒரே நேரத்தில் மூன்று மாதத்துக்கு வாங்கித் தரும்படி சிலர் பயத்தில் கேட்பார்கள். பக்குவமாக மறுத்துவிடுங்கள். இரண்டு வாரத் தேவைக்கு மேல் யாரும் சேர்த்துவைக்காமல் இருந்தால் கடையில் எல்லோருக்கும் இருக்கும். மறுபடி வருவேன் என்று நாளைச் சொல்லி, அந்த நாளில் வந்து நின்றால் அந்தப் பயம் தானாகவே குறையும்.

பணத்தில் கறாராக இருங்கள், நெருங்கிய பழக்கம் என்றாலும். ரசீது இல்லாத பொருளுக்குக் காசு வாங்காதீர்கள். மீதியை உறையில் போட்டு, கணக்கை அதன்மேல் எழுதிக் கொடுங்கள். யாருடைய ஏடிஎம் அட்டையையும், ரகசிய எண்ணையும், ஓடிபியையும் கேட்காதீர்கள்; அவர்களாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தொற்றுக் காலத்தில் உதவி என்ற பெயரில் முதியவர்களை ஏமாற்றும் கூட்டமும் கிளம்பும். ‘உதவ வருகிறவர் யாரும் ரகசிய எண் கேட்க மாட்டார்’ என்பதை உங்கள் நடத்தையாலேயே அவர்கள் பழகிக்கொள்ளட்டும். பொது நிதி திரட்டினால் இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும், வாரம் ஒருமுறை வரவுசெலவைக் குழுவில் எல்லோருக்கும் காட்ட வேண்டும்.

உதவி வாங்குகிறவரைப் படம் எடுக்காதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

தினம் ஒரு தொலைபேசி

தனியாக இருப்பவருக்குத் தினமும் ஒரே நேரத்தில் அழைப்பு வருவது பெரிய ஆதரவு. காலை 10 மணி என்றால் 10 மணிதான். அந்த நேரத்தில் அவர் எடுக்காவிட்டால் ஏதோ சரியில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். 15 நிமிடம் விட்டு மறுபடி அழையுங்கள், அப்போதும் எடுக்காவிட்டால் யார் நேரில் போய்ப் பார்ப்பது, மாற்றுச்சாவி யாரிடம் என்பதை முன்பே பேசி வைத்திருங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்றே செயல்கள்: பார்ப்பது, காதுகொடுத்துக் கேட்பது, உரியவரோடு தொடர்புபடுத்துவது. ஆலோசனை சொல்வது அதில் முதலிடத்தில் இல்லை. “கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லும் அவசரத்தை அடக்கிக்கொள்ளுங்கள். அது அவருடைய பேச்சை நிறுத்திவிடும். “நேத்து ராத்திரி தூக்கம் வந்துச்சா? மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள். சாப்பாடும் தூக்கமும் தொடர்ந்து கெட்டால், அல்லது வாழ்வே வேண்டாம் என்பது போல் பேச ஆரம்பித்தால், அதை நீங்கள் மட்டும் சுமக்க வேண்டாம். குடும்பத்தாருக்கும் மனநல உதவி எண்ணுக்கும் உடனே தெரியப்படுத்துங்கள். அதுவரை அவரைத் தனியாக விட வேண்டாம், பேச்சைத் தொடருங்கள்.

பேச ஆள் இல்லாத முதியவரும், பள்ளி மூடியதால் வீட்டில் அடைபட்ட குழந்தையும் ஒரே தெருவில் இருந்தால் இருவரையும் தொலைபேசியில் இணைத்துவிடலாம். கதை சொல்ல ஒருவர், வாசித்துக் காட்ட ஒருவர். 2020 ஏப்ரலில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளி இல்லாமல் இருந்தார்கள். இணையமும் கருவியும் இல்லாத பிள்ளைகள்தான் அதிகம் பின்தங்கினார்கள். பழைய கைபேசி ஒன்றைக் கொடுப்பதும், பாடக் குறிப்புகளை அச்செடுத்து வாசலில் வைப்பதும் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய வித்தியாசம்.

நோயாளி இருக்கும் வீடு

ஒரு வீட்டில் தொற்று உறுதியானதும் அக்கம்பக்கம் இரண்டு விதமாக நடக்கும்: ஒன்று பயந்து ஒதுங்கும், அல்லது கூட்டமாக வாசலில் வந்து நிற்கும். இரண்டுமே அந்த வீட்டுக்கு நல்லதில்லை. ஒரே ஒருவர் பொறுப்பெடுத்து, காலையும் மாலையும் தொலைபேசியில் விசாரிப்பதுதான் சரி. அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் அறை. நோயாளிக்குத் தனி அறை, முடிந்தால் தனிக் கழிப்பறை. எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள் இருந்தால் இரண்டையும் திறக்கச் சொல்லுங்கள். ஒரே ஜன்னல் என்றால் ஒரு மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் அறைக்காற்று வெளியேறும், வீட்டின் மற்ற பகுதிக்குப் போவது குறையும். பராமரிப்பவர் ஒருவராக மட்டும் இருக்கட்டும். அவர் உள்ளே போகும்போது இருவரும் முகக்கவசம் அணிய வேண்டும். நோயாளி அணிய முடியாத நிலையில் இருந்தால் பராமரிப்பவராவது விடாமல் அணிய வேண்டும்.

அடுத்தது அளவீடு. மூச்சுத்தொற்று என்றால் வெப்பமானியும், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் வேண்டும். தெருவுக்கு ஒன்று வாங்கி, துடைத்துத் துடைத்துச் சுழற்சியில் கொடுக்கலாம். கொரோனாவில் சிலருக்கு மூச்சுத்திணறலே தெரியாமல் ஆக்சிஜன் அளவு இறங்கிப்போனது; அதனால்தான் இந்தச் சின்னக் கருவிக்கு அவ்வளவு மதிப்பு. விரலில் நகப்பூச்சு இருக்கக் கூடாது, கை குளிர்ந்திருக்கக் கூடாது, ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பார்க்க வேண்டும். எண் நிலைக்கும்வரை காத்திருந்து, நேரத்தோடு குறிக்க வேண்டும். 94-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ மருத்துவரை அழைக்க வேண்டும். 90-க்குக் கீழே என்றால் தாமதமில்லாமல் மருத்துவமனை. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: கறுத்த தோல் உள்ளவர்களுக்கு இந்தக் கருவி உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே எண்ணை மட்டும் நம்பாமல் ஆளையும் பாருங்கள். நேற்று 98 காட்டியவருக்கு இன்று 95 என்றால் அந்த இறக்கமே ஒரு செய்தி.

எண் எதுவாக இருந்தாலும் சரி, பேச மூச்சு வாங்குவது, நெஞ்சில் விடாத வலி அல்லது அழுத்தம், திடீர்க் குழப்பம், எழுப்பினாலும் எழாத மயக்கம், உதடு நீலம் பாய்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். இவற்றை ஒரு தாளில் எழுதி அந்த வீட்டின் குளிர்பெட்டி மேலோ கதவின் உட்புறத்திலோ ஒட்டச் சொல்லுங்கள். பதற்றத்தில் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது.

மூன்றாவது, போகும் வழி. இதைப் பலரும் கடைசி நிமிடம்வரை யோசிப்பதில்லை. எந்த மருத்துவமனை, யார் கூடப் போவார், எந்த வாகனம், வீட்டில் குழந்தை இருந்தால் யார் பார்த்துக்கொள்வார், வளர்ப்புப் பிராணிக்கு யார் சோறு வைப்பார் என்பதை நோயாளி நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். ஒரு பையைத் தயார் செய்து வைக்கச் சொல்லுங்கள். அதில் மருந்துப் பட்டியல், பழைய மருத்துவ அறிக்கை, அடையாள அட்டை, கண்ணாடி, பல்செட், கைபேசி சார்ஜர் இருக்கட்டும். உறவினர் உள்ளே வர அனுமதி இல்லாத வார்டில், சார்ஜர் இல்லாமல் கைபேசி அணைந்துபோனால் குடும்பத்துக்கு ஒரு தகவலும் கிடைக்காது.

சுத்தம் செய்வதைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. 5 சதவீத பிளீச்சிங் திரவத்தை ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர் என்று கலந்தால், தரை, கைப்பிடி துடைக்கப் போதும். அதைக் கழிப்பறை அமிலத்தோடோ அமோனியா உள்ள துப்புரவுத் திரவத்தோடோ கலந்தால் நச்சுவாயு கிளம்பும். நோயாளி இருக்கும் மூடிய அறையில் அது உயிரையே எடுக்கலாம்.

யார் வீட்டில் நோய் என்பதை நீங்கள் வெளியே சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் கதவு எண் போட்டு ‘எச்சரிக்கை’ என்று எழுதுவது, அடுத்த வீட்டுக்காரரை அறிகுறியை மறைக்கவைக்கும். மறைத்த நோய் இன்னும் வேகமாகப் பரவும். யாரைச் சந்தித்தார்கள் என்று கண்டறிவது சுகாதாரத் துறையின் வேலை. குணமாகித் திரும்பியவரை வெளிப்படையாக, பிறர் பார்க்க வாசலில் நின்று நலம் விசாரியுங்கள். தெரு அதைப் பார்த்துத்தான் பழகும்.

வதந்தி வந்தால்

2020-இல் ஈரானில் சாராயம் கொரோனாவைத் தடுக்கும் என்ற வதந்தியை நம்பி, மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். வதந்தியும் ஆளைக் கொல்லும். அதை அனுப்பியவரைக் குழுவில் வைத்துத் திட்டினால் அவர் இன்னும் பிடிவாதமாவார். தனியாக அழைத்து, “அண்ணே, இது எங்கேருந்து வந்துச்சு? சுகாதாரத் துறை பக்கத்துல வேற மாதிரி போட்டிருக்காங்களே, அனுப்பட்டுமா?” என்று கேளுங்கள். திருத்தத்தை அவரே குழுவில் போட்டால் அதற்கு மதிப்பு அதிகம். தடுப்பூசி பற்றிய தயக்கமும் இப்படித்தான். எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேளுங்கள். சிலருக்கு ஊசி பயம், சிலருக்குப் பக்கவிளைவு பயம், பலருக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை, அவ்வளவுதான். முன்பதிவு செய்து, கூடவே போய், திரும்பக் கொண்டுவந்து விட்டால் பாதித் தயக்கம் தீர்ந்துவிடும்.

குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிகளையும் மறந்துவிடாதீர்கள். 2021-இல் மட்டும் உலகில் 2.5 கோடிக் குழந்தைகள் முத்தடுப்பு ஊசியின் ஒரு தவணையையாவது தவறவிட்டார்கள். உங்கள் நோட்டில் சின்னக் குழந்தை உள்ள வீட்டுப் பக்கத்தில் அடுத்த தவணைத் தேதியைக் குறித்துவைத்து நினைவூட்டுங்கள். ரத்த வங்கிகளும் இந்தக் காலத்தில் தவிக்கும். சிவப்பணுக்களை 42 நாள்வரை வைத்திருக்க முடியும், தட்டணுக்கள் 5 முதல் 7 நாள்தான் தாங்கும். நீங்கள் நலமாக இருந்தால் முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்; தெருவிலிருந்து வாரம் ஒருவர் என்று மாற்றி மாற்றிப் போனால் இன்னும் நல்லது.

பூட்டிய கதவுக்குப் பின்னால்

ஊரடங்கில் எல்லோருக்கும் வீடு பாதுகாப்பான இடமாக இருப்பதில்லை. 2020-இல் பல நாடுகளில் வீட்டுக்குள் பெண்கள்மீதான வன்முறை கூடியது. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில், மருந்துக்கடையில் போய் ‘முகக்கவசம் 19’ என்று கேட்டால் கடைக்காரர் உதவிக்கு அழைப்பார் என்று ஏற்பாடு செய்தார்கள். அதே ஆண்டு கனடாவில் ஒரு கைச்சைகை அறிமுகமானது: உள்ளங்கையை எதிரில் இருப்பவருக்குக் காட்டி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களை அதன்மேல் மூடுவது. வீடியோ அழைப்பிலோ ஜன்னல் வழியாகவோ இதைக் காட்டினால் ‘எனக்கு உதவி வேண்டும்’ என்று பொருள்.

அப்படி ஒரு சைகையையோ சத்தத்தையோ கவனித்தால் நேரே போய்ச் சண்டை போடாதீர்கள். நீங்கள் திரும்பி வந்த பிறகு அந்தப் பெண் அதே ஆளோடு பூட்டிய வீட்டில் இருக்க வேண்டும். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளை வேறு பேச்சுக்கு நடுவே கேளுங்கள். உடனடி ஆபத்து என்றால் காவல்துறை, இல்லையென்றால் பெண்கள் உதவி எண். எப்போது, எப்படி அழைப்பது என்ற முடிவு முடிந்தவரை அந்தப் பெண்ணுடையதாக இருக்கட்டும். பொருள் கொடுக்கும் சாக்கில் நீங்கள் வாரம் இருமுறை அந்த வாசலுக்குப் போய்க்கொண்டிருப்பதே ஒரு பாதுகாப்பு.

இறப்பு நேர்ந்த வீட்டில்

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, உடலைத் தொட்டுக் கழுவும் சடங்குகள் நோயைப் பரப்பின. முதலில் உடல்களைக் குடும்பத்திடம் காட்டாமல் எடுத்துப்போய் அடக்கம் செய்தார்கள். மக்கள் நோயாளிகளையும் உடல்களையும் ஒளிக்கத் தொடங்கினார்கள். பிறகு முறையை மாற்றி, குடும்பத்தினர் தள்ளி நின்று பார்க்கவும், பிரார்த்தனை செய்யவும், சமயப் பெரியவர் கூட இருக்கவும் இடம் கொடுத்தார்கள். அதன்பின் குடும்பங்களின் ஒத்துழைப்பும் கிடைத்தது. இறந்தவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையைக் குறைத்தால் நோய்த்தடுப்பும் சேர்ந்தே தோற்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை சில. எத்தனை பேர் வரலாம், என்னென்ன செய்யலாம் என்ற விதியைக் குடும்பத்தின் சார்பில் விசாரித்துச் சொல்லுங்கள். வர முடியாதவர்களுக்குக் கைபேசியில் நேரலை காட்ட ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். இறப்புச் சான்றிதழ், காப்பீடு, வங்கி ஆகியவற்றுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரித்துக் கொடுங்கள். முதல் வாரம் எல்லோரும் விசாரிப்பார்கள். மூன்றாவது வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். உங்கள் நோட்டில் அந்த மூன்றாவது வாரத் தேதியைக் குறித்துவைத்து, அன்று அழையுங்கள்.

நீண்ட ஓட்டத்துக்கு

கொரோனாவைப் பொதுச் சுகாதார அவசரநிலை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 2020 ஜனவரி 30-இல். அதை முடிவுக்குக் கொண்டுவந்தது 2023 மே 5-இல். இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல். முதல் மாதத்தில் காட்டும் வேகத்தில் மூன்று ஆண்டு ஓட யாராலும் முடியாது. ஆரம்பத்திலேயே வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு என்று எழுதி ஒட்டுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்: வாசலுக்குப் போனவர் தொலைபேசிக்கு, தொலைபேசிக்காரர் கணக்குக்கு. முடியாத வேலையை ‘இது என்னால் முடியாது, ஆனால் இன்னாரிடம் கேட்டுப் பார்க்கிறேன்’ என்று அன்றே சொல்லிவிடுங்கள். வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பதுதான் தனியாக இருப்பவரை மிகவும் உடைக்கும்.

அலை ஓய்ந்த பிறகும் சில வீடுகளுக்கு வேலை மிச்சம் இருக்கும். தொற்று நீங்கியும் மாதக்கணக்கில் களைப்பும் மூச்சு வாங்குதலும் விடாதவர்கள் உண்டு. அவர்களுக்குப் படியேறிப் பொருள் கொண்டுபோய்க் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள். மற்ற வீடுகளுக்கு மாற்றுச்சாவியைத் திருப்பிக் கொடுங்கள். மீதிப் பணத்தைக் கணக்கோடு ஒப்படையுங்கள். ஆக்சிமீட்டரின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அது யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதிவையுங்கள். நோட்டில் உள்ள நோய் விவரங்களைக் கிழித்து அழித்துவிடுங்கள்; பெயரும் தொலைபேசி எண்ணும் அவசரத் தொடர்பும் மட்டும், அவர்கள் சம்மதித்தால், அடுத்த முறைக்கு இருக்கட்டும்.